புல்லட்டுக்கு ஒற்றை சீட்: ஃபிரேமில் கை வைக்காமல் மாற்றும் முறை

புல்லட்டின் நீள சீட்டை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட் மாட்டணும் என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது, கழற்றுகிற சீட்டை எங்கே வைக்கப் போகிறீர்கள், வீட்டில் பரண் இருக்கிறதா என்பதுதான். பட்டறையிலேயே போட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்பவரிடம், அப்படியானால் இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அந்த சீட்டும் அதன் நட்டு போல்ட்டும் பத்திரமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வண்டி பழைய நிலைக்கு வரும். அது இல்லாமல், ஃபிரேமின் பின்பக்க வளையத்தையும் அறுத்து எறிந்துவிட்டால், அப்புறம் அந்த வண்டியை விற்கவும் முடியாது, பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோகவும் முடியாது, வீட்டில் ஒருவரை அவசரத்துக்கு ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது.

அதனால் இங்கே சொல்லப்போவது வெட்டாமல், வெல்டு வைக்காமல், துளை போடாமல் செய்கிற முறை மட்டும்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்குங்கள்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தச் சட்டத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதில் இருக்கிறது.

உங்கள் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை 2 என்று போட்டிருக்கும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், இந்த மாடல், இப்படி போல்ட்டில் மாட்டுகிற சீட், ஃபிரேமில் எதுவும் செய்யவில்லை என்று படத்தோடு கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், இல்லையென்றால் விபத்து இழப்பீடு கேட்டுப் போகிறபோது இதையே காரணமாகச் சொல்லலாம். இன்னொன்று: சொந்த உபயோக பைக்குக்குப் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் பிரிவு 128. பின்னால் உட்காருகிறவர், வண்டியோடு உறுதியாகப் பொருத்திய சரியான சீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது அது. ஒற்றை சீட் போட்டுவிட்டு, பின்னால் கேரியர்மேல் தலையணை கட்டி நண்பனை ஏற்றுவது சட்டப்படியும் தப்பு, அவன் உயிருக்கும் ஆபத்து. ஸ்பிரிங் சீட் மேலும் கீழும் போய்வருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அவன் தொடை இருக்கும், பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது.

எந்த வண்டி உங்களுடையது?

கிளாசிக் 350 வைத்திருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். முன்சீட்டும் பின்சீட்டும் தனித்தனிதான், பின்சீட்டைக் கீழிருந்து பிடித்திருக்கிற நட்டுகளைக் கழற்றினால் அது வந்துவிடும். திறந்து கிடக்கும் துளைகளை ரப்பர் அடைப்பான் வைத்து மூடுங்கள், மூடாமல் விட்டால் மழைத் தண்ணீர் நின்று மட்கார்டு உள்பக்கமாகத் துருப்பிடிக்கும். கிளாசிக்காரர்கள் இதற்குப் பிறகு வயர், மட்கார்டு பற்றிச் சொல்வதை மட்டும் படித்தால் போதும்.

ஸ்டாண்டர்டு, எலெக்ட்ரா மாதிரி ஒரே நீள சீட் உள்ள புல்லட்தான் இந்தக் கட்டுரைக்கு உரிய வண்டி.

பல்சர், ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் இதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. அவற்றின் பின்பக்கமே நீள சீட்டைத் தாங்கத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சீட்டை எடுத்தால் வயர்க் கொத்தும் பிளாஸ்டிக்கும் வெளியே தெரியும், அதை மறைக்க வெட்டத் தொடங்குவீர்கள், அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒற்றை சீட் வண்டிதான் வேண்டும் என்றால், அப்படியே விற்பனைக்கு வந்த ஜாவா பெராக் போன்றவற்றைப் பழசாகத் தேடுவது புத்திசாலித்தனம்.

சாமான்கள்

சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் தெரிந்திருக்கும். டெல்லி கரோல்பாகில் இருந்தும் புல்லட் சாமான்கள் ஊர் ஊராகப் போகின்றன. எங்கே வாங்கினாலும் உங்கள் மாடலையும் வருடத்தையும் சொல்லி, ஃபிரேமில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் உட்காருகிற பிராக்கெட்டோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தனி சீட்டை மட்டும் வாங்கி வந்தால் பிராக்கெட்டுக்காக வெல்டிங் பட்டறை வாசலில்தான் போய் நிற்பீர்கள்.

சீட்டைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தகடு கட்டை விரலால் அழுத்தினால் வளையக் கூடாது. மூக்குப் பக்கம், அதாவது டேங்கை ஒட்டிய முன்முனையில், கீல் பிடிக்கிற இடத்தில் வெல்டு நூல் பிடித்த மாதிரி சீராக ஓடியிருக்க வேண்டும், புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் உங்கள் எடை பள்ளத்தில் இறங்கும்போது சீட்டை முன்னால் பிடித்து நிற்பது அந்த ஓர் இடம் மட்டும்தான். தகட்டில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாத சீட் ஒரு மழையில் நனைந்தால் மூன்று நாளைக்கு பேண்ட் ஈரமாகும்.

போல்ட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் அசட்டையாக இருக்கிறார்கள். சீட்டோடு பொட்டலத்தில் வருகிற போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்று எண் பொறித்திருந்தால் அது ஹை டென்சைல் போல்ட்டு, அதை நம்பலாம். மொட்டைத் தலையாக இருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு, நல்ல ஹார்டுவேர் கடையில் அதே அளவில் 8.8 வாங்குங்கள், செலவு டீ பன் சாப்பிடுகிற காசுதான். பளபளப்புக்காக சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது துருப்பிடிக்காது என்பது உண்மை, ஆனால் பலத்தில் 8.8-ஐவிடக் குறைவு. நட்டு எல்லாம் நைலாக் நட்டாக இருக்கட்டும், அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்தது. புல்லட்டின் அதிர்வில் சாதாரண நட்டு ஒரு வாரத்தில் கழன்றுகொள்ளும்.

இனி ஸ்பிரிங். பழைய காலத்து பைக்குகளில் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது, ஃபிரேம் விறைப்பாக இருக்கும், பள்ளத்தின் குத்து முழுவதையும் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும். 1949 புல்லட்டில் பின்னால் சஸ்பென்ஷன் வந்தது, அதன் பிறகு ஸ்பிரிங் சீட்டுக்கு அந்தக் கட்டாயம் போய்விட்டது. நீங்கள் இப்போது செய்யப்போவது, ஷாக் அப்சார்பர் உள்ள வண்டியில் மறுபடியும் ஸ்பிரிங் வைப்பது. இரண்டும் சேர்ந்து ஆடும். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் வேகத்தடையில் ஒரு தடவை வண்டி தூக்கும், அது அடங்குவதற்குள் சீட் இன்னொரு தடவை தூக்கும். கடையில் கையால் அழுத்தி "நல்லா சாஃப்டா இருக்கு" என்று வாங்குகிற ஸ்பிரிங்தான் ரோட்டில் தொல்லை கொடுக்கும். நீங்கள் முழு எடையோடு உட்காரும்போது, ஸ்பிரிங் மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் சரி. 5 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங் என்றால் ஒன்றரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. பாதிக்கு மேல் இறங்கினால் இன்னும் கெட்டியான ஜோடி வாங்குங்கள்.

கழற்றுதல்

வண்டியை சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். என்ஜின் சூடு ஆறட்டும். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி அதன் முனையைத் துணியில் சுற்றிவையுங்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன் போனை எடுங்கள். சீட் மாட்டியிருக்கும் நிலையிலேயே இரண்டு பக்கமும், பின்னாலும், கீழிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்ற கேள்வி சாயங்காலம் வரும், அப்போது நினைவில் இருக்காது.

மாடலுக்கு மாடல் சின்ன வித்தியாசம் உண்டு, பொதுவாகப் பின்பக்கம் இரண்டு புறமும் ஃபிரேமில் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றிவிட்டு சீட்டைப் பின்னோக்கி இழுத்துத் தூக்கினால், முன்பக்கம் மாட்டியிருக்கும் பட்டை விடுபட்டுவிடும். நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். சுத்தியல் எடுக்காதீர்கள். கழற்றிய நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு, டப்பாவைப் பழைய சீட்டின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சீட்டைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் வையுங்கள், எலி தொல்லை உள்ள வீடாக இருந்தால் அதற்கு மேல் சாக்கும் சுற்றுங்கள், ஃபோமைக் கடித்துக் கூடு கட்டிவிடும்.

சீட்டுக்கு அடியில் பல வருட மண் படிந்திருக்கும். இப்போதே கழுவித் துடையுங்கள், துரு உள்ள இடத்தில் உப்புத்தாள் தேய்த்துப் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். அதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

இடம் குறித்தல்

அவசரப்பட்டு முறுக்கிவிடாதீர்கள். முன்பக்கக் கீலை விரலால் இறுகுகிற அளவுக்கு மட்டும் மாட்டி, பின்னால் ஸ்பிரிங்கையும் தளர்வாக உட்கார வைத்து, ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து டெயில் லைட்டின் நடுவரை ஒரு நூலைக் கட்டுங்கள். சீட்டின் மூக்கும் பின்பக்க நடுவும் அந்த நூலுக்கு நேர் கீழே வர வேண்டும். ஒரு விரல் கோணல்கூட நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் இடுப்பில் தெரியும்.

அடுத்து, சீட்டின் மூக்குக்கும் டேங்குக்கும் இரண்டு விரல் இடைவெளி. இது அழகுக்கு இல்லை. சீட் முன்னால் கீலில் சுழல்கிறது, பின்பக்கம் கீழே அமுங்கும்போது கீலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு மேலே எழும்பும். இடைவெளி இல்லாவிட்டால் அந்தத் தகட்டு விளிம்பு ஒவ்வொரு பள்ளத்திலும் டேங்கின் பெயிண்டைச் சுரண்டும்.

இப்போது இந்த வேலையிலேயே முக்கியமான சோதனை. அடுப்படியில் கொஞ்சம் சப்பாத்தி மாவு வாங்கி வாருங்கள். எலுமிச்சம்பழ அளவுக்கு மூன்று உருண்டை. மட்கார்டின் மேல் ஒரு பழைய பாலித்தீன் உறையை விரித்து, சீட்டின் அடித்தகடு அதிகமாக இறங்கி வருகிற இடத்துக்கு நேர் கீழே ஒன்று, இரண்டு ஸ்பிரிங்குக்கும் உள்பக்கமாக ஒவ்வொன்று என வையுங்கள். மெதுவாக உட்காருங்கள். உங்களைவிட எடை அதிகமான ஒருவரையும் உட்காரச் சொல்லி, நான்கைந்து தடவை நன்றாகக் குதிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். எழுந்த பிறகு உருண்டைகளைப் பாருங்கள். நசுங்கிய மாவு இன்னும் 2 செ.மீ. கனம் இருந்தால் நிம்மதி. அப்பளம் மாதிரி ஆகியிருந்தால் ரோட்டில் தகடு மட்கார்டில் இடிக்கப்போகிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்கின் அடியில் உயரம் கூட்டும் இரும்புப் புஷ் வையுங்கள், அல்லது கெட்டியான ஸ்பிரிங்குக்குப் போங்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் களிமண் வைப்பார். மாவு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், நசுங்கினாலும் விளிம்பில் வெடிக்காமல் கனம் அப்படியே தெரியும், ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

உட்கார்ந்த நிலையிலேயே இரண்டு காலும் தரையில் பதிகிறதா, முழங்கால் டேங்கின் குழிவில் உட்காருகிறதா, ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடிந்திருக்கிறதா, பிரேக் பெடலுக்குக் கால் இயல்பாகப் போகிறதா என்று பாருங்கள். நீள சீட்டில் முன்னும் பின்னும் நகர்ந்து உட்கார இடம் இருந்தது. ஒற்றை சீட்டில் ஒரே இடம்தான், அந்த இடம் உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு அழகான சீட்டாக இருந்தாலும் முதுகு கெட்டுவிடும்.

முறுக்குதல்

பின்பக்க ஸ்பிரிங் போல்ட்டுகளை முதலில் முறுக்குங்கள். டார்க் ரெஞ்சு, அதாவது எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர், கிடைத்தால் 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. போல்ட்டுக்கு 45 வரை. இல்லாவிட்டால் கையளவு ஸ்பேனரால் இறுகியபின் இன்னும் ஒரு கால் சுற்று. ஸ்பேனரில் குழாய் சொருகி முறுக்காதீர்கள், மரை போய்விடும்.

முன்பக்கக் கீல் போல்ட்டு மட்டும் வேறு மாதிரி. அதை இறுக்கினால் சீட் சுழலாது, சுழலாத சீட் ஸ்பிரிங்கை அமுக்குவதற்குப் பதில் பிராக்கெட்டை வளைக்கும். நைலாக் நட்டை ஆட்டம் நிற்கும் வரை முறுக்கி, சீட்டைக் கையால் தூக்கிவிட்டால் தடையில்லாமல் எழுந்து இறங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். கீலில் கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும்கூட ஒரு விரல் கிரீஸ், இல்லையென்றால் பழைய கட்டில் மாதிரி கிறீச்சிடும்.

ஏதாவது ஓர் இடத்தில் வெல்டு வைத்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால், அது பிராக்கெட்டில் மட்டும், பிராக்கெட்டை வண்டியிலிருந்து கழற்றித் தனியாக. வண்டியோடு வைத்து வெல்டு அடித்தால் பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கிறது, 2020க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி என்றால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வும் போய்விடலாம்.

வயரும் மட்கார்டும்

நீள சீட் இருந்தவரை டெயில் லைட் வயர் அதன் மறைவில் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது வெளியே வந்துவிட்டது. நான் முதல்முறை இதைச் செய்தபோது வயரை அப்படியே விட்டுவிட்டேன். ஸ்பிரிங் ஒவ்வொரு தடவை அமுங்கும்போதும் அடிச்சுற்று அதை லேசாக உரசியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து ராத்திரி நெடுஞ்சாலையில் ஃபியூஸ் போய் டெயில் லைட் அணைந்துவிட்டது, பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து ஓரங்கட்டச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. மேல் உறை தேய்ந்து செம்புக் கம்பி ஊசி முனை அளவுக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அவ்வளவு சின்ன இடம்.

ஆகவே வயர் முழுவதையும் கறுப்பு ஸ்லீவுக்குள் விட்டு, மட்கார்டின் விளிம்பை ஒட்டி, ஸ்பிரிங்கிலிருந்து நான்கு விரல் தள்ளி, கேபிள் டையால் கட்டுங்கள். தகட்டுத் துளை வழியாகப் போகிற இடத்தில் ரப்பர் கிராமெட், அதாவது துளை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம், கட்டாயம். பேட்டரியை மறுபடி இணைத்து டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் எரிகிறதா என்று, சீட்டில் உட்கார்ந்து குதித்தபடியே இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மட்கார்டைச் சின்னதாக்கலாமா என்று உடனே ஆசை வரும். வேண்டாம். மழையில் முதுகு முழுக்கச் சேறு அடிக்கும், நம்பர் பிளேட்டுக்கும் இடம் போய்விடும். சேலைக் கார்டும் கைப்பிடியும்கூட இருக்கட்டும். பின்சீட் உள்ள பைக்குக்கு அவை இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. பின் ஃபுட்ரெஸ்ட்டை மடித்து வைத்தால் போதும். சில மாடல்களில் சைலன்சர் கிளாம்பும் அதே பிராக்கெட்டில்தான் பிடித்திருக்கும், அதைக் கழற்றினால் சைலன்சர் ஆடும்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் தெருவுக்குள் பத்து நிமிடம், 30ஐத் தாண்டாமல். வேகத்தடை ஒன்றில் மெதுவாக ஏறி இறங்குங்கள். டக் என்று இரும்புச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திப் பாருங்கள், மாவுச் சோதனையில் தப்பிய இடம் எதுவோ இடிக்கிறது. பிறகு 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். மறுபடி 200இல். போல்ட்டிலும் நட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவைத்தால், நட்டு அசைந்திருக்கிறதா என்று தினமும் வண்டியை எடுக்கும்போது பார்வையிலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஒரு பிள்ளை ஏறிக் குதிக்கும், இன்னொன்று ஸ்பிரிங்குக்குள் விரலை விடும். ஸ்பிரிங்குக்கு ரெக்சின் உறை தைத்துப் போடுங்கள், குஷன் கடையில் அரை மணி நேர வேலை.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் செய்வதில்லை. எல்லாம் மாட்டி முடித்து ஒரு வாரம் ஓட்டியபின், ஒரு நாள் பரணிலிருந்து பழைய சீட்டை இறக்கி, புதுசைக் கழற்றி, பழையதை மாட்டிப் பாருங்கள். எனக்கு முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆனது, ஒரு வாஷர் குறைந்தது, கடைக்கு ஓடினேன். இப்போது நாற்பது நிமிடம். அம்மாவுக்கு மாதம் ஒரு முறை கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, அவருக்கு ஆட்டோவைவிடப் புல்லட்தான் பிடிக்கும். அதற்கு முந்தின ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து வாசல் லைட்டைப் போட்டு, நீள சீட்டை மாட்டிவிட்டுத்தான் படுப்பேன்.